அவிட்டத்துக்கு முன்னாலேன்னு சொல்லச் சொன்னாங்க

என் அத்தானுக்கு,

கோமதி எழுதுறேன். நாளன்னைக்கு உங்க வருஷத் திதி. நேத்து உங்க அண்ணன், பெரியத்தான், தி.நகர்லேருந்து வந்து, புரோகிதருக்குச் சொல்லியாச்சு, வாழையிலைக்குச் சொல்லியாச்சுன்னாங்க. கூடவே இன்னொரு விஷயமும் கேட்டாங்க. அதை உங்ககிட்டே சொல்லாம வேற யார்கிட்டே போய்ச் சொல்றது?

நீங்க இருந்த காலத்திலே நான் உங்களுக்கு ஒரு வரி எழுதினது கிடையாது. நீங்க மாசக்கணக்கா ராக்கெட் ஸ்டேஷன்லேயே கிடந்தப்போகூட எழுதலை. அஞ்சாங் கிளாஸோட நின்னவ, அத்தனை படிச்ச மனுஷனுக்கு என்னத்தை எழுதுறதுன்னு கூச்சம். இப்போ கூச்சம் போயிடுச்சு. போகவேண்டியதெல்லாம் போனப்புறம் அது மட்டும் இருந்து என்ன பண்ணப் போகுது?

முதல்லே இதைத் தெரிஞ்சுக்கோங்க. மாங்கொல்லைப் பக்கத்து வீட்டிலே நாம இப்போ இல்லை. கச்சேரி ரோட்டுக்குப் பின்னாலே ஒரு சந்திலே சுபைதாம்மாங்கிற பாய் வீட்டம்மாவோட மாடியிலே ஒரே ரூம். நானும் நம்ம பொண்ணு செல்வியும் இருக்கோம். அடுப்பு ஒரு மூலை, அவ புஸ்தகம் ஒரு மூலை. மழை அடிச்சா ஜன்னல் பக்கம் நனையும், படுக்கையைச் சுருட்டி வச்சுட்டு உக்காந்திருப்போம். ஜவுளிக்கடைக்காரங்க கொடுக்கிற புடவைக்கு ஃபால் தைக்கிறேன். கண்ணு எரியுது. மத்தபடி நடக்குது.

அந்த வீடு எப்படிப் போச்சுன்னு தெருவுக்கே தெரியும். கோமதி தன் வாயாலே கெட்டாள்னு சொல்றாங்க. உங்க அண்ணன் சொல்றாங்க, மதினி சொல்றாங்க. ஒரு நாள் செல்வியும் சொன்னா. நீங்க என்ன சொல்வீங்களோ, அதுதான் எனக்குத் தெரியலை.

உங்களைக் கட்டிக்கிட்டப்போ நீங்க என்ன வேலை பாக்கிறீங்கன்னு எங்க வீட்டிலே ஒருத்தருக்கும் விளங்கலை. ராக்கெட் விடுற ஆபீஸ்னாங்க. "வெடிமருந்து பக்கத்திலே நிக்காம இருந்தா சரி"ன்னு அம்மா சொன்னா. அத்தை மகள், முறை இருக்கு, அதோட பேச்சு முடிஞ்சுது. படிக்காதவ வேண்டாம்னு நீங்க சொல்லியிருந்தா உங்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க சொல்லலை. ஏன் சொல்லலைன்னு நானும் கேட்கலை. கேட்டிருக்கலாம், இல்லையா அத்தான்?

மெட்ராஸுக்கு வந்த புதுசு. சாந்தோம் கடற்கரையிலே உக்கார வச்சு, உங்க வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. ராக்கெட் விடுறது வேற ஆளுங்க, மேலே போனது என்ன சொல்லுதுன்னு கீழே உக்காந்து கேட்கிறதுதான் என் வேலைன்னீங்க.

"அது பேசுமா அத்தான்?"

"பேசும். நம்ம பக்கம் மேலே வர்றப்போ பேசும். அடிவானத்துக்குக் கீழே இறங்கிட்டா ஒண்ணும் கேட்காது. மறுபடி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கணும்."

"என்ன பேசும்?"

"நல்லா இருக்கேன், வெயில் அதிகமா இருக்கு, பேட்டரி இன்னும் இவ்வளவு பாக்கி இருக்குன்னு பேசும்."

"இதுக்கா இத்தனை படிப்பு? எங்க சித்தி கடிதாசியும் இதேதானே. நலம், வெயில் ஜாஸ்தி, அரிசி தீரப் போகுது."

நீங்க சிரிச்ச சிரிப்பிலே சுண்டல் விக்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் கிராமத்துக்கெல்லாம் வானத்திலேருந்து டெலிவிஷன் வரப்போகுதுன்னு ராத்திரி பகலா அலைஞ்சீங்க. கம்பியை வளைச்சு, மேலே கோழி வலையைக் கட்டி, மொட்டை மாடியிலே பெரிய தாம்பாளம் மாதிரி ஒண்ணு நிறுத்தினீங்க. நல்ல காத்தோட்டமா இருக்கேன்னு அதிலே துணி விரிச்சு நான் வடாம் பிழிஞ்சேன். எங்கே கோளாறுன்னு தெரியாம ரெண்டு ஞாயித்துக்கிழமை ஒயரையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தீங்க. கடைசியிலே தாம்பாளத்தோட வயித்தைத் தடவிப் பார்த்துட்டுக் கீழே இறங்கி வந்தீங்க. "கோமதி, ஆன்டெனா அரைச்சாண் தொங்கிப்போயிருக்கு. வடாம் நல்லா வந்திருக்கா?"ன்னு கேட்டீங்க. கோபிச்சுக்கவே இல்லை. அன்னிக்கு வத்தக்குழம்புக்கு அதையேதான் பொரிச்சுப் போட்டேன்.

ஒரு விஷயத்திலே மட்டும் நீங்க கல்லு. நேரம். காலையிலே ரேடியோ ஆரம்பிக்கிற மியூசிக் வந்ததும் கைக்கடிகாரத்தைச் சரி பார்த்தாத்தான் உங்களுக்குப் பொழுது விடியும். "மேலே போறது நமக்காக நிக்காது"ன்னு சொல்வீங்க.

அதே மாதிரிதான் உங்க ஸ்டேஷனைப் பார்க்கப் பெரிய மனுஷங்க வந்த நாளும். நீங்களா சொல்லலை, உங்க கூட வேலை பார்த்தவர் சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேலே போனதோட குரல் வரணும். எல்லாரும் உங்க முதுகுக்குப் பின்னாலே நிக்கிறாங்க. காதிலே மாட்டிக்கிட்டு நீங்க உக்காந்திருக்கீங்க. மேலதிகாரி ஒருத்தர் வந்தவங்களைப் பார்த்து, "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னாராம். நீங்க திரும்பி, "இல்லை சார், எனக்கு இன்னும் கேட்கலை"ன்னீங்களாம். கொஞ்ச நேரத்திலே அது வந்துதான் இருக்கு. அதுக்குள்ளே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அந்த வருஷம் வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பினவங்களிலே உங்க பேர் இல்லை. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு நீங்க சொன்னீங்க. சூட்கேஸ் மட்டும் முன்னாடியே வாங்கி வச்சிருந்தீங்களே. அதிலே இப்போ செல்வியோட துணி இருக்கு.

நட்சத்திர விஷயத்துக்கு வர்றேன். எதிர் போர்ஷன் பெரியவர் சதயத்திலே செத்தது ஞாபகம் இருக்கா? அவிட்டம், சதயம் மாதிரி நட்சத்திரத்திலே உசிர் போனா அடைப்புன்னு சொல்லி, அந்த ரூமை ஆறு மாசத்துக்குப் பூட்டினாங்க. அவர் குடும்பம் காலி பண்ணிக்கிட்டுப் போச்சு. அந்த ரூம் கதவைத் தாண்டிக் குழாயடிக்குப் போக எனக்குப் பயம். நீங்க என்னைக் கேலி பண்ணினீங்க. "அவிட்டம்னா சந்திரன் அந்தத் திக்கிலே நிக்குதுன்னு அர்த்தம். மைலாப்பூர்லே யார் வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியுமா?"

சந்திரனுக்குத் தெரியாம இருக்கலாம் அத்தான். வீட்டுக்கார மாமிக்குத் தெரியும்.

போன வருஷம் சனிக்கிழமை ஸ்டேஷன்லேருந்து வந்தப்போவே உங்க முகம் சரியா இல்லை. வெயில்லே நின்னேன்னீங்க. சாப்பிடலை. ஞாயித்துக்கிழமை விடியறப்போ வேர்த்துக் கொட்டிச்சு, நெஞ்சைப் பிடிச்சீங்க. பக்கத்துப் போர்ஷன்காரரை எழுப்பி டாக்டருக்கு ஓடச் சொன்னேன். டாக்டர் வந்தப்போ நீங்க இல்லை. இவ்வளவுதான் வெளியே எல்லாருக்கும் தெரிஞ்சது.

உங்களைக் கூடத்திலே கிடத்தியிருக்கு. புரோகிதர் பஞ்சாங்கத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, "விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் திருவோணம், அப்புறம் அவிட்டம். உசிர் எப்போ பிரிஞ்சது?"ன்னு கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. கூட இருந்தது நான் ஒருத்திதானே.

பெரியத்தான் என்னைச் சமையல் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அவங்க அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. "ஏ கோமதி, யோசிச்சுச் சொல்லு. இருட்டோட இருட்டாப் போயிட்டான்னு சொல்லிடு. அடைப்புன்னு ஆச்சுன்னா மாமி உன்னை இங்கே வச்சுக்கிட மாட்டா. எங்க வீட்டிலே இடம் எங்கே இருக்கு, நீயே பாத்திருக்கே. அவனே இதை நம்பாதவன். அவனுக்காகவா பாக்கே?"

நியாயமான பேச்சுதான். நீங்க நட்சத்திரத்தை நம்பாதவர். நான் ஒரு வார்த்தையை முன்னாலே தள்ளி வச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சுடப் போகுது? அதோட எனக்குப் பயமும் இருந்துச்சு. நான்தான் நம்புறவளாச்சே. மறைச்சு வச்சு, அது செல்வி மேலே வந்து விழுந்தா? ரெண்டு பக்கமும் இழுத்துச்சு. கூடத்துக்கு வந்து உங்க முகத்தைப் பார்த்தேன். "விடிஞ்சப்புறம்தான் போனார். ரேடியோ ஆரம்பிச்சு ரெண்டு பாட்டு ஆச்சு"ன்னு சொல்லிட்டேன்.

பெரியத்தான் தலையிலே கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க.

மாமி கெட்டவ இல்லை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "நேக்கு உன் மேலே ஒரு கோபமும் இல்லேடி. மத்த போர்ஷன்காராள்லாம் நாளைக்கே காலி பண்றேங்கறா. ஆத்து வாடகையை நம்பித்தான் நான் ஜீவிச்சிண்டிருக்கேன். காரியம் ஆனதும் நீ எங்கேயாவது பாத்துண்டுடு." பதினாறாம் நாள் முடிஞ்சதும் நாம இருந்த ரூமிலே பூட்டு தொங்கிச்சு. உங்க கோழி வலைத் தாம்பாளத்தைப் பழைய இரும்புக்காரன் கழட்டிக்கிட்டுப் போனான். நான் தடுக்கலை. எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

தி.நகர்லே பெரியத்தான் வீட்டிலே கொஞ்ச நாள் இருந்தோம். மாடியிலே ஜவுளி மூட்டைங்களுக்கு நடுவிலே பாய் போட்டுப் படுத்தோம். புதுத் துணி வாசனை தலைவலிக்கும். மதினி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கலைன்னு சொன்னா பொய். "சத்தியவான் சம்சாரம் சாப்பிட்டாச்சா?"ன்னு ஒரு நாள் வேலைக்காரிகிட்டே கேட்டது என் காதிலே விழுந்துச்சு. அன்னிக்கு நான் சாப்பிடலை. செல்வி சாப்பிட்டா. சாப்பிட்டுட்டு வந்து என் பக்கத்திலே திரும்பிப் படுத்துக்கிட்டு, "ஒரு பொய் சொல்லியிருந்தா என்னம்மா? உன் வாயாலேதான் நாம இப்படி மூட்டை மேலே கிடக்கிறோம்"னா.

அப்புறம் வீடு தேடி அலைஞ்சேன். மந்தைவெளி, அடையாறு, நந்தனம், எங்கே போனாலும் முதல் கேள்வி வீட்டுக்காரர் எங்கே. ரெண்டாவது கேள்வி எப்போ போனார், எந்த வீட்டிலே போனார், அங்கேருந்து ஏன் வந்தீங்க. நான் சொல்லிடுவேன். கதவு சாத்திடும். வீட்டு புரோக்கர் ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே என் கூட நடந்து நடந்து சலிச்சுப்போனார். "இன்னாமா நீ, எல்லாத்தையும் புட்டு புட்டு வச்சிக்கினு இருந்தா எவன் வூடு குடுப்பான்? வூட்டுக்காரு துபாய்ல கீறாருன்னு சொல்லு, நான் பாத்துக்கறேன்"னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நீங்க போனப்புறம் நான் முதல்லே சிரிச்சது அதுக்குத்தான். சிரிச்சுட்டு நடு ரோட்டிலே அழுதேன். அவர் சைக்கிளை நிறுத்திட்டு, "சரி வா, பாய் வூடு ஒண்ணு கீது, கேட்டுப் பாக்கலாம்"னார்.

சுபைதாம்மாகிட்டே நானே முந்திக்கிட்டு அவிட்டம், அடைப்புன்னு ஆரம்பிச்சேன். அவங்க வெத்திலை மடிச்சுக்கிட்டே கேட்டுட்டு, "நட்சத்திரம்லாம் எங்களுக்குத் தெரியாது புள்ள. தண்ணி மாடிக்கு ஏறாது, கீழேருந்து குடத்திலே தூக்கணும். இந்த வீட்டிலே இருக்கிற தோஷம் அது ஒண்ணுதான். தூக்குவியா?"ன்னாங்க. தூக்குறேன். இப்பவும் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.

செல்வி அதே ஸ்கூலுக்குத்தான் போறா. போற வழியிலே பழைய வீட்டைத் தாண்டித்தான் போகணும். பேசுறது குறைஞ்சுபோச்சு. கேட்டா பதில் சொல்லுவா, அவ்வளவுதான். எனக்கு எரிச்சலா வரும், திட்டிடுவேன். உங்க ஜாடை அப்படியே இருக்கிற முகத்தைத் திட்டுறோமேன்னு அப்புறம் இருக்கும்.

இப்போ நேத்து நடந்ததுக்கு வர்றேன். பெரியத்தான் காபி குடிச்சுட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாங்க. மாமி ஆள் அனுப்பியிருக்காளாம். அடைப்பு முடிஞ்சு, ரூமைத் திறந்து, சாந்தி பண்ணியும் ஒருத்தரும் குடி வரலையாம். திதிக்கு நாலு பேர் கூடுற இடத்திலே, அன்னிக்கு நான் பதட்டத்திலே நேரத்தை மாத்திச் சொல்லிட்டேன், அவர் போனது திருவோணத்திலேதான்னு என் வாயாலே சொல்லிட்டா போதுமாம். பழைய வாடகைக்கே நம்ம போர்ஷனை நமக்கே கொடுத்துடறாளாம். குழாய் வாசல்லேயே இருக்கு.

"இதுலே யாருக்கு நஷ்டம், சொல்லு பாப்போம்"னாங்க பெரியத்தான். "நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு வரன் பாக்கணும். அப்பன் அடைப்பிலே போனவன்னு எவனாவது கிளறுவான். வருஷம் ஒண்ணு ஆச்சு. யாரு கோமதி உன்கிட்டே மணி பாக்கப் போறா? நாளைக்கு வாரேன், ஒரு முடிவைச் சொல்லு."

அவங்க போனப்புறம் செல்வி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையிலே என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த வீடு வேணும். அவ பொறந்து வளர்ந்த வீடு. எனக்கும் வேணும். இடுப்பு வலி தாங்கலை அத்தான்.

"அம்மா, நிஜமாவே உனக்கு நேரம் தெரியுமா? இல்லே, தெரியும்னு நீயா நினைச்சுக்கிட்டியா?"ன்னு கேட்டா.

ஒரு வருஷமா அவகிட்டே சொல்லாததை அப்போ சொன்னேன். சொன்னா, ஏன் என்னை எழுப்பலைன்னு கேட்பாளேன்னு பயந்து வாயை மூடிக்கிட்டு இருந்தேன். டாக்டருக்கு ஆள் ஓடினப்புறம் நீங்களும் நானும் மட்டும்தான். வெளியே வெளுத்திருந்துச்சு. வழக்கம்போல ரேடியோவைத் திருகச் சொன்னீங்க. மியூசிக் வந்துச்சு. கடிகாரத்தைப் பார்க்க உங்களாலே கையைத் தூக்க முடியலை. நான் தூக்கிப் பார்த்து, சரியா இருக்கு அத்தான்னேன். நான் வென்னீர் போட எழுந்தப்போ, "உக்காரு. எப்பப் பாத்தாலும் நின்னுக்கிட்டே இருக்கே"ன்னீங்க. உக்காந்தேன். என் மடியிலே தலையை வச்சுக்கிட்டீங்க. செல்வியை எழுப்பட்டுமான்னு கேட்டேன். நீங்க அவ பக்கமாத் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தீங்க. அவ வாயைத் திறந்துக்கிட்டு, போர்வையை உதைச்சுத் தள்ளிட்டுத் தூங்கிக்கிட்டிருந்தா. "வேண்டாம், தூங்கட்டும். போர்வையை மட்டும் இழுத்து விடு"ன்னீங்க. காலாலே எட்டி இழுத்து விட்டேன். முதல் பாட்டு முடிஞ்சு அடுத்தது ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க பேசலை.

செல்வி ஏன் எழுப்பலைன்னு கேட்கலை. போய் ஜன்னலோரம் உக்காந்துட்டா. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கலை.

இன்னிக்குக் காலையிலே பெரியத்தான் வந்தாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலே அவ சொல்லிட்டா. "பெரியப்பா, அப்பா இருட்டிலே போகலை. விடிஞ்சப்புறம் என்னைப் பார்த்தாங்க. எனக்குப் போர்வை போத்தச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் போனாங்க." பெரியத்தான் அவளையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. தம்பி கடைசியா என்ன பேசினான்னு அவங்களுக்கும் இன்னிக்குத்தான் தெரியும். துண்டாலே முகத்தைத் துடைச்சுக்கிட்டு, மாமிக்கு நான் சொல்லிக்கிடுதேன்னுட்டுப் படியிறங்கிப் போயிட்டாங்க.

வீடு போச்சு அத்தான். இனிமே வராது. செல்வி ஸ்கூலுக்குக் கிளம்பிப் போயிட்டா, சோத்து டப்பாவைக்கூட மறந்துட்டுப் போயிருக்கா. என் மேலே கோபம் தீர்ந்துச்சான்னு எனக்குத் தெரியலை. தீராமலும் இருக்கலாம்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். திதியன்னிக்கும் சரி, அவ கல்யாணப் பேச்சு வர்ற அன்னிக்கும் சரி, யார் கேட்டாலும் அதே நேரத்தைத்தான் சொல்லுவேன். இருட்டிலேயே போயிட்டீங்கன்னு நான் சொன்னா, என் மடியிலே நீங்க படுத்திருந்ததும் இல்லை, அவளைப் பார்த்ததும் இல்லைன்னு ஆயிடும். வெளிச்சம் வந்தப்புறம் நீங்க எங்களோட இருந்தது கொஞ்ச நேரம்தான். அதை ஒரு வீட்டுக்காகக் கொடுக்க மாட்டேன்.

உங்க அத்தை மகள்,
செல்வியோட அம்மா,
கோமதி